வாங்குதலும் விற்றலும் ஒரே ‘மை’: சீனத் தொனிகளைச் சிறுவர் செவி கொள்ளும் வகை

நமக்கு மை என்றால் எழுதும் மை; அன்றேல் கண்ணுக்கிடும் மை. உரக்கச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும், குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் மை மையாகவே இருக்கும். சீனாவின் பொதுமொழியாகிய மண்டரினிலே இவ்வொலிக்கு அத்தகைய நிலைபேறு இல்லை. குரலைத் தாழ்த்தி, அடியிலே சிறிது தங்கவைத்து ‘மை’ என்றால் வாங்குதல் என்பது பொருள். உச்சியிலிருந்து விரைவாகக் கீழே விழுத்தி ‘மை’ என்றால் விற்றல். நடுவிலிருந்து மேலே ஏற்றி ‘மை’ என்றாலோ புதைத்தல்! வாங்குவோனும் விற்போனும் எதிரெதிரே நிற்கும் சந்தையிலே, இருவர் செயலையும் பிரித்துக் காட்டுவது மூச்சின் ஓர் ஏற்ற இறக்கமே.

சீனக் குழந்தைக்கு இது தாய்மடியில் வந்துவிடும். நான் இங்கு எடுத்துக்கொண்டது, சீனரல்லாத வீடுகளிற் பிறந்து அம்மொழியை இரண்டாம் மொழியாகக் கற்கும் சிறுவர்களின் செவியைப் பற்றியது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, பாடங்களையே மண்டரினில் நடத்தும் பாடசாலையொன்று 1981 ஆம் ஆண்டிலே தோன்றியது. 2008 இல் யூட்டா மாநிலம் சட்டமியற்றி, இத்தகைய இருமொழி வகுப்புக்களை அரசாங்கப் பாடசாலைகளிலே பரப்பத் தொடங்கிற்று. ஆங்கிலமன்றி வேறு மொழி கேளாத வீடுகளிலிருந்து வரும் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் அங்கே கணக்கையுஞ் சீனத்திலே கற்கின்றனர். இவர்களைப் பற்றி இரண்டு கருத்துக்கள் வழங்குகின்றன. ‘சிறு வயதிலே தொடங்கினாற் போதும், தொனி தானாக வரும்’ என்பது ஒன்று. ‘சில பிள்ளைகளுக்குச் செவியே இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டுமே செவியின் வேலையைச் சரியாக விளங்கிக்கொள்ளாமையாற் பிறந்தவை என்பது என் எண்ணம்.

தொனி என்றால் என்ன என்பதை நம் இலக்கணத்தின் வழியே அணுகுவது நமக்கு எளிது. எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற மூவகை ஒலிப்பு முயற்சிகளைப் பவணந்தியார் நன்னூலிலே கூறுகின்றார்; அவற்றால் எழுத்தொலியிலே சிறு சிறு திரிபுகள் உண்டாகும் என்பது அவர் கருத்து. ‘வந்தான்’ என்பது வினைமுற்றாய் நிற்பதையும் வினையாலணையும் பெயராய் நிற்பதையும் ஓசை வேறுபாட்டாற் பிரித்துக் காட்டும் உரைமரபும் நமக்கு உண்டு. எனினும் நம் மொழியில் எடுத்தலும் படுத்தலும் சொல்லின் மேற் போர்த்த ஆடை போன்றவை. ‘வந்தான்’ என்பதைக் குரலேற்றிக் கேட்டால் அது வினாவாகும், வியந்து சொன்னால் வியப்பாகும், வந்தவன் வந்தவனே. சீனத்தில் எடுத்தலும் படுத்தலும் சொல்லின் உடலிலே கலந்தவை. அவற்றை நீக்கினால் எஞ்சுவது சொல்லன்று, வெறும் அசை.

மண்டரினுக்குத் தொனிகள் நான்கு. இவற்றின் புறத்தே, வலுவிழந்து குறுகி ஒலிக்கும் மெலிந்த தொனியொன்றும் உண்டு. இவற்றை அளக்க வழி கண்டவர் சீன மொழியியலறிஞர் சாவ் யுவென் ரென் (1892-1982). பேசுவோரின் குரல் செல்லும் எல்லையை ஐந்து படிகளாக வகுத்து, அடிப்படியை 1 என்றும் உச்சிப்படியை 5 என்றுங் குறிக்கும் முறையை அவர் 1930 இல் வெளியிட்டார். அதன்படி முதற்றொனி 55, அதாவது உச்சியிலே சமமாக நிற்பது. இரண்டாவது 35, ஏறுவது. மூன்றாவது 214, தாழ்ந்து கிடந்து பின் எழுவது. நான்காவது 51, விழுவது. இப்படிகள் ஆர்மோனியத்தின் கட்டைகளல்ல என்பதை மறத்தலாகாது. தந்தையின் உச்சி மகளின் அடியைவிடத் தாழ்ந்ததாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் குரலெல்லையை மதிப்பிட்டு, அதனுள்ளே ஏற்றம் எது, இறக்கம் எது என்று செவி கணக்கிட வேண்டும். அதுவும் ஓர் அசை ஒலித்து முடியுமுன்.

தொனிகளோடு பிறந்து வளர்ந்த சீனரே அவற்றை ஒரு பொருளாக எண்ணிப் பெயரிட்டது பிந்தித்தான். கிறித்துவுக்குப் பின் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், ஷென் யுவே (441-513) முதலிய புலவர் அக்காலத்து நான்கு தொனிகளைப் பிரித்துணர்ந்து செய்யுட்கு விதி வகுத்தனர். புத்தசமய வடமொழி ஓதலின் செல்வாக்கே இவ்வுணர்வைத் தூண்டியது என 1934 இல் வரலாற்றறிஞர் சென் யின்கே வாதித்தார். அதனை எல்லோரும் ஒப்பவில்லை. லியாங் வமிசத்து அரசன் வூ, ‘நான்கு தொனி, நான்கு தொனி என்கின்றார்களே, அவை யாவை?’ என்று ஜோ ஷெ என்பவரைக் கேட்டானாம். அவர் அரசனைப் புகழும் நான்கு சொற்களை விடையாகச் சொன்னார். சொல்லுக்கு ஒரு தொனியாக நான்கும் அதனுள்ளே அடங்கியிருந்தன. இத்தனை நயமான விடையைக் கேட்டும் அரசன் அவ்விதியைத் தன் செய்யுளிலே கைக்கொள்ளவில்லை என்று வரலாறு கூறுகின்றது. அவன் பேச்சிலே தொனி பிழைத்திராது. பயன்படுத்தும் ஒன்றைப் பெயர் சொல்லி அறிதல் வேறொரு கல்வி. பாடசாலையிலே தொனி கற்கும் பிள்ளையிடம் நாம் இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கின்றோம்.

தாய்மொழியாகக் கற்கும் குழந்தைக்கும் எல்லாத் தொனியும் ஒருசேர வந்துவிடுவதில்லை. சார்ள்ஸ் லீ, சாண்ட்ரா தொம்சன் ஆகிய இருவரும் தாய்வான் குழந்தைகளை ஆராய்ந்து 1977 இல் எழுதிய கட்டுரையில், மெய்யும் உயிரும் செம்மையாக வாய்க்குமுன்னரே தொனி வாய்த்துவிடுகின்றது என்றனர். ஆயினும் இரண்டாந் தொனியும் மூன்றாந் தொனியும் நெடுநாள் தம்முள் மயங்கின. 2005 இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சியிலே, ஏனைய மூன்று தொனிகளையும் அவர்கள் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகக் கேட்டனர். மூன்றாவதை எழுபது தடவையே. தாய்மொழிப் பிள்ளைக்கே இவ்வாறாயின், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் சீனங் கேட்கும் ஆறு வயதுப் பிள்ளை மூன்றாந் தொனியிலே தடுமாறுவதைக் குறையாகக் கொள்ளலாமா?

இனிச் செவியின் வரலாற்றுக்கு வருவோம். எல்லா மொழியின் ஒலிகளையும் பிரித்துணரும் ஆற்றலோடு குழந்தை பிறக்கின்றது என்றும், முதலாண்டு கழியுமுன் தன் வீட்டு மொழிக்கு வேண்டாதவற்றை மெல்ல விட்டுவிடுகின்றது என்றும் பொதுவாகக் கூறுவர். தொனியிலும் இது நிகழ்கின்றதா என்பதை அவுஸ்திரேலியாவில் கரன் மற்றொக், டெனிஸ் பேர்ணம் என்னும் இருவர் சோதித்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். தாய்லாந்து மொழித் தொனிகளை அவர்கள் குழந்தைகளுக்குக் கேட்பித்தனர். ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு மாதத்தில் வேறுபாட்டை உணர்ந்தனர். ஒன்பது மாதத்தில் அவ்வுணர்வு குன்றிவிட்டது. சீன வீட்டுக் குழந்தைகளிடம் அது குன்றவில்லை. இதுவரையில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அதே ஏற்ற இறக்கங்களை வயலினிலிருந்து எழும் ஒலியாக ஆக்கிக் கேட்பித்தபோது, ஒன்பது மாத ஆங்கிலக் குழந்தைகளும் தெளிவாகப் பிரித்தறிந்தனர்!

இச்செய்தியை முதன்முதலாக வாசித்தபோது நான் நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். ஏற்ற இறக்கத்தைக் கேட்கும் ஆற்றல் அச்செவியை விட்டுப் போகவில்லை. இசையிலே கேட்கின்ற ஒன்றைப் பேச்சிலே கேட்பதில்லை. ஏனெனில், பேச்சிலே அதற்குச் சொல்லைப் பிரிக்கும் வேலை இல்லை என்று ஒன்பதே மாத வாழ்வில் அக்குழந்தை தீர்மானித்துவிட்டது. ஆங்கில மொழியைப் பொறுத்தவரையில் அது சரியான தீர்மானமுங்கூட. அம்மா ஒரே சொல்லைக் கொஞ்சும்போது ஏற்றியும், கடியும்போது இறக்கியும், கேட்கும்போது நீட்டியுஞ் சொல்கின்றாள். அத்தனையும் ஒரே சொல் என்று கொள்ளாத குழந்தை ஆங்கிலங் கற்பதெப்படி? தமிழ்தான் கற்பதெப்படி?

அத்தீர்மானம் படிப்படியாக இறுகுவதையும் கண்டிருக்கின்றார்கள். 2015 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, தொனியால் மட்டும் வேறுபட்ட இரு சொற்களை இரு பொருள்களின் பெயராகப் பதினான்கு மாத ஆங்கிலக் குழந்தைகள் ஏற்றுக்கொண்டனர். பதினேழு, பத்தொன்பது மாதக் குழந்தைகள் ஏற்கவில்லை. இரண்டரை வயதிலோ, புதிதாகக் கற்ற ஒரு சொல்லின் குரலேற்றத்தை எவ்வளவு மாற்றினாலும் அதே சொல்லென்றே கொள்ளுகின்றனர்; உயிரெழுத்தை மாற்றினால் உடனே தடுமாறுகின்றனர். இதுவும் 2010 இல் வெளியான ஆராய்ச்சி. ஆகவே பாடசாலைக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளையின் மனத்திலே, ‘குரலின் ஏற்ற இறக்கம் பேசுவோரின் உள்ளத்தைச் சொல்லும், சொல்லின் பொருளைச் சொல்லாது’ என்பது நான்காண்டுப் பழக்கத்தால் ஊறிப்போயிருக்கின்றது. ஆசிரியர் செய்யவேண்டியது அப்பிள்ளைக்குச் செவி கொடுப்பதன்று; இருக்கின்ற செவிக்கு இன்னுமொரு வேலை கொடுப்பது.

ஒரு செவி இரண்டு வேலையும் செய்ய முடியுமா என்றால், முடியும். சிங்கப்பூரிலே ஆங்கிலமும் மண்டரினும் ஒருங்கே வழங்கும் வீடுகளில் வளரும் குழந்தைகளை லெஹெர் சிங் முதலியோர் ஆராய்ந்தனர். பதினொரு மாதத்திலேயே அக்குழந்தைகள் மண்டரின் சொல்லானால் தொனியைக் கணக்கிலெடுத்தும், ஆங்கிலச் சொல்லானால் அதனை விட்டும் கேட்டனர் என்பது 2012 இல் வெளிவந்த முடிவு. நடை பழகாத பருவத்திலே இத்தனை விவேகம்!

வகுப்பறையிலே இத்தடுமாற்றம் வேடிக்கையான உருக்கொள்ளும். ‘விற்றல் என்பதற்குச் சீனச் சொல் என்ன?’ என்று ஆசிரியர் கேட்கின்றார் என வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சிறுவனுக்கு விடை தெரியும், ஆயினும் உறுதியில்லை. உறுதியில்லாதபோது குரல் ஈற்றிலே மேலே எழுவது அவன் மொழியின் வழக்கம். விழவேண்டிய ‘மை’ எழுந்துவிடுகின்றது. விற்க வந்தவன் புதைத்துவிடுகின்றான். அவனைக் கண்டித்தால் ஐயம் மிகும். ஐயம் மிகக் குரல் மேலும் எழும். தொனிப் பிழைக்கு உடனுக்குடன் கடிந்துகொள்வது பயனற்றது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். ‘அப்படியா, எதைப் புதைக்கப் போகிறாய்?’ என்று அவன் சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொண்டு சிரிக்கும் ஆசிரியரிடத்திலே பிள்ளை விரைவிற் கற்கும். தொனி பொருளைத் தொடுகின்றது என்பது அப்போது அவனுக்கே தெரிகின்றது. சீன மொழியில் இத்தகைய இரட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ‘தங்’ என்பது சமமாக நின்றால் சாறு, ஏறினால் சர்க்கரை. ‘ஷுய்-ஜியாவ்’ என்பதன் இரண்டசையும் விழுந்தால் உறக்கம். இரண்டும் மூன்றாந் தொனியானால், மாவுக்குள் இறைச்சி வைத்து நீரில் அவித்த பண்டம். உணவுச்சாலையிலே உறக்கம் கேட்ட அந்நியரைப் பற்றிய கதைகள் பல வழங்குகின்றன.

மேற்சொன்ன ‘ஷுய்-ஜியாவ்’ பண்டத்திலே இன்னுமொரு சங்கடம் இருக்கின்றது. மூன்றாந் தொனி இரண்டு அடுத்து வந்தால் முன்னது இரண்டாந் தொனியாகத் திரியும். ‘நீ ஹாவ்’ என்னும் வாழ்த்துரையிலே நிகழ்வதும் இதுவே. நமது புணர்ச்சியிலே பொன்னுங் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோலத்தான். நமக்கு எழுத்துத் திரிகின்றது, அவர்க்குத் தொனி திரிகின்றது. பொற்குடம் என்று சொல்லுந் தமிழ்ப் பிள்ளை விதியை நினைப்பதில்லை. தாய்வான் குழந்தைகளும் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியதும் இத்திரிபைப் பெரும்பாலும் பிழையின்றிச் செய்தனர். புத்தகத்தால் வருபவனுக்குத்தான் தொல்லை. 1958 இல் சீன அரசு ஏற்ற உரோம எழுத்துமுறையிலே தொனிக்குறிகள் எழுத்தின் தலைமேல் இடப்படுகின்றன. ‘நீ ஹாவ்’ எழுதும்போது மூன்றாந் தொனிக்குறியே இரண்டிலும் நிற்கும். கண் ஒன்று சொல்ல, செவி ஒன்று சொல்கின்றது. தாழ்ந்து கிடந்து பின் எழுவதாகப் பாடநூல்கள் வரைந்து காட்டும் மூன்றாந் தொனியும், தொடர்மொழியிடையே பெரும்பாலும் எழுவதில்லை, தாழ்ந்தே கிடக்கின்றது. ஆதலின் அதனைத் தாழ்ந்த தொனி என்றே முதலிற் கற்பித்து, ஈற்றிலே எழும் வாலைப் பின்னர்ச் சொல்லும் ஆசிரியர் முறையே எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது.

பாட்டு நல்லதன்றோ என்பார் உளர். குழந்தை வகுப்பென்றாலே பாட்டுத்தான். ஆனால் மண்டரின் பாட்டுக்களிலே மெட்டு தொனியை மூடிவிடும். ஏறவேண்டிய சொல் மெட்டுக்காக இறங்கும். கந்தோனியப் பாட்டுக்கள் பெரும்பாலும் தொனியைத் தழுவிச் செல்பவை. மண்டரினுக்கு அந்நியதி இல்லை. சொற்களை நினைவில் நிறுத்தப் பாட்டு உதவலாம்; தொனியைச் செவியில் நிறுத்த, பேச்சோசையிலே சொல்லும் சந்தச் சொற்றொடர்கள் அதனிலும் மேலானவை. கையை அசைத்துத் தொனியின் போக்கைக் காற்றிலே வரைந்து காட்டுவதும் பல வகுப்பறைகளிற் கையாளப்படுகின்றது. சங்கீத ஞானமுடையோர் தொனியை எளிதிற் பற்றுவர் என்பதற்கும் சான்றுண்டு. 2007 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இசைப்பயிற்சி உள்ளோரின் மூளைத்தண்டிலே சீனத் தொனியின் வடிவம் மேலுந் துலக்கமாகப் பதிவதைக் காட்டிற்று. அதைக்கொண்டு, சுருதி சேராத பிள்ளையைச் சீன வகுப்பிலிருந்து விலக்குவது பேதைமை. பாடத் தெரியாத சீனர் எத்தனையோ இலட்சம் பேர் தொனி பிழையாது பேசுகின்றனர்.

எத்தனை குரல்களிலே கேட்பது என்பதும் கவனிக்கத்தக்கது. பிள்ளை ஓராசிரியரின் குரலையே ஆண்டு முழுவதுங் கேட்டால், அவர் குரலின் உயரத்தைப் பழகுமேயன்றித் தொனியைப் பழகாது. சீனம் பயிலும் அமெரிக்க மாணவர்க்குப் பலருடைய குரல்களிலே தொனிகளைக் கேட்பித்துப் பயிற்றிய முயற்சியொன்று 1999 இல் வெளிவந்தது. இரண்டு வாரத்தில் எட்டுத் தடவைப் பயிற்சி. தொனியை அடையாளங் காணும் திறன் சராசரியாக 21 விழுக்காடு உயர்ந்தது. முன் கேட்டிராத புதிய குரலிலும் அத்திறன் நின்றது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அழியவில்லை. அவர்கள் சர்வகலாசாலை மாணவர், வளர்ந்தவர்கள். ‘ஏழு வயதோடு வாயில் அடைபட்டது’ என்று பெற்றோரை அச்சுறுத்தி வகுப்புக்குப் பணம் வாங்குவோர் இதை நினைவிற் கொள்வது நலம்.

அவ்வச்சத்தாலே தொட்டிற் குழந்தைக்குச் சீன ஒளிப்பதிவுகளைப் போட்டுக்காட்டும் பெற்றோரும் உளர். சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையின் பட்ரீசியா கூலும் துணைவரும் 2003 இல் வெளியிட்ட முடிவு அவர்களுக்குரியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் மண்டரின் பேசுவோர் நேரிலிருந்து, பன்னிரண்டு தடவை, தடவைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் கதைசொல்லி விளையாடினர். அக்குழந்தைகள் ஒரு சீன மெய்யொலி வேறுபாட்டைத் தாய்வான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தனர். அதே மனிதரை அதே அளவு நேரம் தொலைக்காட்சியிலே கண்டுகேட்ட குழந்தைகளும், குரலை மட்டும் கேட்ட குழந்தைகளும் ஒன்றுங் கற்கவில்லை. சோதித்தது மெய்யொலியே, தொனியன்று. எனினும் முகங்காட்டிப் பேசும் மனிதர் இல்லாத இடத்தில் மழலைச் செவி ஒலியைப் பற்றிக்கொள்ளவில்லை என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். சீனத் தாய்மாரும் குழந்தையிடம் பேசும்போது தொனிகளை மிகைப்படுத்தியே ஒலிக்கின்றனர் என அளந்து கண்டிருக்கின்றார்கள். கொஞ்சுமொழியின் பெரிய ஏற்ற இறக்கத்தின் மேலே தொனி தன் வடிவம் கெடாமல் ஏறிச் செல்கின்றது. பேரலையின் முதுகிலே செல்லும் சிற்றலை என்று இதனைச் சாவ் உவமித்தார்.

இவ்விடயத்திலே என் மனத்தை மிகவும் தொட்டது மொன்றியல் நகரில் நடந்த ஆராய்ச்சி. சீனாவிலே பிறந்து, சராசரியாக ஒரு வயதளவிலே தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மொழி பேசும் வீடுகளில் வளர்ந்த சிறுமியர் அங்கே பலர். பிறந்த மொழியிலே ஒரு சொல்லும் அவர்களுக்கு நினைவில்லை. முன்னர், கொரியாவிலிருந்து சிறுவயதிலே பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2003 இல் எழுதியோர், முதன்மொழியின் சுவடு எதனையும் மூளையிலே காணவில்லை என்றனர். மொன்றியல் ஆராய்ச்சியாளர் தொனியைக் கருவியாக எடுத்தனர். ஒன்பது முதல் பதினேழு வயது வரையுள்ள 48 சிறுமியர்: சீனாவிலிருந்து தத்துவந்தோர், பிரெஞ்சு மட்டும் அறிந்தோர், சீனமும் பிரெஞ்சும் அறிந்தோர் என மூன்று கூட்டத்தார். பொருளற்ற அசைகளைச் சீனத் தொனியில் அவர்களுக்குக் கேட்பித்து, மூளையின் இயக்கத்தைக் காந்தக் கருவியாற் படமெடுத்து, 2014 இல் முடிவை வெளியிட்டனர். ஈற்றசைகள் ஒத்தனவா வேறுபட்டனவா என்று விடை சொல்வதிலே மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒருபடித்தாகவே இருந்தனர். பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்களின் மூளையிலே இசை முதலிய ஒலிகளைக் கேட்கும்போது இயங்கும் வலப்பக்கம் இயங்கிற்று. சீனம் பேசுவோருக்கு, மொழியைக் கொள்ளும் இடப்பக்கம் இயங்கிற்று. தத்துவந்த சிறுமியருக்கும் இயங்கியது இடப்பக்கமே. அவர்களுட் பலர் அம்மொழியைக் கேட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.